விமானத்துக்குப் போகும் வடைச்சட்டி எண்ணெய்

பொரித்து முடித்த எண்ணெயைக் கேட்டு வாங்குகிற தொழிலில், எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால் சந்தேகப் பார்வைதான் கிடைக்கும். குட்டி யானை வண்டியில் காலி கேன்களை ஏற்றிக்கொண்டு மதுரையில் கடை கடையாக நிற்கிறவன் நான். சேர்ந்ததைக் கப்பலூரில் உள்ள எங்கள் கம்பெனிக் கிடங்கில் வடிகட்டி, டேங்கரில் வெளியூர் ஆலைக்கு அனுப்புவோம். அங்கே அதை விமான எரிபொருளாக மாற்றி, வழக்கமான எரிபொருளோடு கலக்கிறார்கள். பூமிக்குள்ளிருந்து எடுப்பது அந்த அளவுக்கு மிச்சம். வானத்தில் சேரும் கரியும் குறையும். இதையே தினமும் பத்துப் பேரிடம் ஒப்பிக்கிறேன். படியேறி இறங்கிப் பிழைக்கிறவர்களே, கதவு திறப்பதற்குள் முகத்தில் சிரிப்பை வரவழைக்கும் பாடு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனையூர் புரோட்டாக் கடை

ஆனையூரில் புரோட்டாக் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன் மூன்று வாரமாக ஒரு சொட்டுக்கூடத் தரவில்லை. வாங்கிப் போய் வடிகட்டி வேறு கடைக்கு விற்றுவிடுவேன் என்று அவருக்குப் பயம். "தின்னவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாவம் எனக்குல்ல வரும்" என்றார். கடை லீவு விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கப்பலூருக்கே கூட்டிப் போனேன்.

டேங்கர் கிளம்புவதை நின்று பார்த்தார். எந்த ஊர் விமானத்தில் ஏறும் என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். ஆனையூர் திரும்பினோம். கடை வாசலில் இறங்கி, ஷட்டரைத் தூக்கி, உள்ளேயிருந்து இரண்டு கேனைக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றினார்.

"பதினெட்டு வருசமா இந்தக் கல்ல விட்டு நகர முடியல தம்பி. என் எண்ணெயாச்சும் நாலு ஊரு பாக்கட்டும்."

டீச்சர் வீட்டு பாட்டில்

வீடுகளில் நாங்கள் வாங்குவதில்லை. கே.கே. நகரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் மட்டும் விலக்கு. மாதம் ஒருமுறை போன் செய்வார். போனால் ஊறுகாய் பாட்டிலில் அரை பாட்டில் எண்ணெய் இருக்கும். காபி தருவார், உட்காரச் சொல்வார், என் மகள் என்ன படிக்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பார். அவர் கணவர் உள்ளறையில் படுத்திருப்பார்.

ஒருநாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நாலு அப்பளம்கூடப் பொரித்திருக்க மாட்டார்கள், அம்புட்டு வெளுப்பு. "இது நல்ல எண்ணெய் டீச்சர், தாளிக்க வச்சுக்கலாமே" என்றேன். அவர் மூடியை இறுக்கி மறுபடி என் கையில் கொடுத்தார்.

"எண்ணெய் இல்லைன்னா நீங்க இந்தப் பக்கம் வரமாட்டீங்களே."

பெரியகருப்பனின் ஆசை

மழை நாளில் ஒரு கேனின் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டது நான். அவசரத்தில் சோதித்துப் பார்க்காமல் தொட்டியில் ஊற்றியது, கப்பலூரில் வடிகட்டும் வேலை பார்க்கும் பெரியகருப்பன். எண்ணெயில் தண்ணீர் என்று சொல்லி ஆலையிலிருந்து டேங்கரையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் வேலை போகும் என்றே நினைத்தோம். திட்டோடு விட்டார்கள். நாலு நாள் சூடாக்கி, தண்ணீரைப் பிரித்து, திரும்ப ஏற்றினோம்.

அது கிளம்பும்போது பெரியகருப்பன் டேங்கர் டிரைவரிடம் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார். கடைசியில் அது எப்படி ஆகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், கொஞ்சம் பிடித்து வாருங்கள் என்றார். ஆலைக்குள் இறக்குகிற இடம் தாண்டித் தன்னையே விடமாட்டார்கள் என்று டிரைவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டி ரிங் ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார் பெரியகருப்பன்.

"பொண்ணக் கட்டிக் கொடுத்தாக்கூட ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வரலாம் மாப்ள. இதுக்கு அந்த வழியும் இல்ல."

மஸ்கட்டிலிருந்து போன்

என் மனைவி செல்வி மஸ்கட்டில் நர்ஸ். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. இந்தச் சித்திரைக்கு வருவதாக இருந்தது. நான் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். மகள் அம்மாவுக்குப் புதுத் தலையணை உறை தைத்தாள். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது செல்வியின் வார்டில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள், லீவும் போனது.

அன்று சாயங்காலம் வீடியோவில் பேசினோம். மகள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்: இந்த மாதம் எங்கள் டேங்கர் நிறைந்தது, இனி நிறைய விமானத்தில் இதைக் கலப்பார்களாம், புகை எம்புட்டோ குறையுமாம். கடைக்காரர்களிடம் சொல்லும் அதே வரிசையில் சொல்லிக்கொண்டே போனேன். செல்வி கடைசிவரை கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புகையக் குறைக்கிறாக, நல்லதுதான். தூரத்தக் குறைக்க ஏதாச்சும் கண்டுபிடிச்சிருக்காகளான்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க."

விமானம் மேலே ஏற எங்களால் ஆனதை ஒரு சொட்டு சிந்தாமல் செய்துகொடுக்கிறோம், அதில் போனவர்களை வீடு கொண்டுவந்து சேர்ப்பது மட்டும் எங்கள் பிரிவில் வராது.