அஞ்சலையக்காவுக்கு நான் கொடுத்த நோய்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாட்சியாக மட்டும் உடனிருங்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று, ரேஷன் அரிசியைப் பொதுக் கொட்டகையில் சமைத்து எங்கள் ரப்பர் தோட்டத்து மக்களுக்கு அளந்து போட்டார்கள். எல்லோரும் இளைத்தோம். பால்மரம் வெட்டும் அஞ்சலையக்கா மட்டும் பருமனாகவே இருந்தார்.

"நம்ம சோறுதான் அந்த வயித்துல இருக்குலா," என்று சிரித்தார்கள். அவரை வேலையைவிட்டு நீக்கும்படி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் போனார்கள்.

போர்டிக்சன் பட்டணம் வரை சென்று பேச்சுப் போட்டிகளில் வென்றவன் நான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மேசைமீது ஏறினேன். "பெருமக்களே, அது திருட்டுச் சோறன்று, தீராத நோய். பழிக்காதீர்கள், இரங்குங்கள்," என்றேன். சிரித்தவர்களே கைதட்டினார்கள். ஊர் மனத்தை மாற்றிவிட்டதாகப் பூரித்தேன்.

மறுநாள் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி அக்காவின் பெயரைக் கூப்பிடவில்லை. "நோயாளிக்கு இங்க வேலை இல்லன்னு தொரை சொல்லிட்டாரு."

அக்கா நேராக என்னிடம் வந்தார். "எனக்கு நோவுன்னு யாரு தம்பி சொன்னா? ஒரு நாளாச்சும் பெரட்டுக்கு வராம இருந்திருக்கேனா? எங்கம்மாவுக்கும் இதே ஒடம்புதான். மேசைல ஏறுனியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அந்த உடம்புக்கு ஒரு குற்றம் கற்பிக்காமல் எங்களில் எவராலும் இருக்க முடியவில்லை. அவர்கள் திருட்டு என்றார்கள். நான் நோய் என்றேன்.

கிராணியிடம் நான் மன்றாடியும் பயனில்லை. ராசா என்ற ஊருக்குப் போகும் லாரியில் அக்கா மூட்டையோடு ஏறினார்.

"லாரி தாங்குமா பாருலா," என்றான் ஒருவன். கைதட்டிய அதே கூட்டம் சிரித்தது.

அவர்களை நோக்கி உரக்கச் சொன்னேன்: "ஒருவரைக் கேளாமல் அவர் உடம்பைப் பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன், ஆதரித்துப் பேசுவதற்கும்கூட."