ராமலிங்கத்தின் சிரிப்பு

போன வாரம் என் கைப்பேசிக்கு யாரோ ஒரு துணுக்கு அனுப்பியிருந்தார். "டாக்டர், ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது." "என்ன வேலை பாக்குறீங்க?" "நைட் வாட்ச்மேன்." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எழுதியவர் பெயர் மட்டும் இல்லை. அது நானும் ராமலிங்கமும் அரியலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதியது, ஐயா!

அப்போது நான் பெரம்பலூரில் தபால் ஆபீஸ் குமாஸ்தா. அவனுக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. ஒரே வார இதழில் எங்கள் ஜோக்குகள் மேலும் கீழுமாக வரும். முகம் தெரியாமலே எனக்கு அவன்மேல் பொறாமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"அந்த மாமியார் ஜோக்கு நீங்க எழுதுனதாங்க? என்னைவிட நல்லா எழுதிட்டீங்க. திட்டிட்டுப் போவலாம்னு வந்தேன்."

காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். 'ங்க' எல்லாம் அந்த டம்ளர் காலியாகும்வரைதான்.

அப்புறம் ஊர் ஊராக நகைச்சுவை நாடகங்கள். அரும்பாவூரில் பிணமாக நடித்தவர் மேடையில் தும்மிவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து ராமலிங்கம், "தூக்குறத நிறுத்துங்கடா, பொணத்துக்குச் சளி புடிச்சிருக்கு!" என்று கத்தினான். ஊரே உருண்டது. அடுத்த ஊர்க்காரர்கள், "அந்தத் தும்மல் உண்டுல்லங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் எங்களை அழைத்தார்கள்.

என் மனைவி போன அன்று எனக்குக் கண்ணீரே வரவில்லை. பந்தலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், "இனிமே பொண்டாட்டி ஜோக்கு எழுதுனா திட்ட ஆளில்லய்யா" என்றான். சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் என்னால் அழ முடிந்தது.

அப்படிப்பட்டவனுக்குப் போன ஆடியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பார்க்கப் போனேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? அரும்பாவூர்த் தும்மலைச் சொன்னேன். அவன் முகம் கோணியது, தோள் குலுங்கியது, கண்ணீர் கொட்டியது.

"யோவ், சிரிக்கிறியா, அழுவுறியா?" என்றேன். இன்னும் அதிகமாகக் குலுங்கினான்.

அவன் மகள் மலர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "சிரிப்பு வந்தாலும் அழுவையாத்தான் வருமாம் பெரிப்பா, டாக்டர் சொன்னாரு. எது எதுன்னு எங்களுக்கே தெரியல. மூச்சு வாங்குது பாருங்க. ஜோக்கு மட்டும் வேணாம் பெரிப்பா."

இப்போதும் வாராவாரம் பஸ் ஏறுகிறேன். மழையைப் பற்றிப் பேசுகிறேன், மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன். அவன் "ம்" என்கிறான். இத்தனை வருஷத்தில் சிரிப்பில்லாமல் நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வார இதழ்கள் நின்றுபோயின. நாடகத்துக்குக் கொட்டகை போடுகிற ஊரும் இல்லை. அதற்கெல்லாம் மனசு பழகிவிட்டது. நேற்று நடந்ததற்குத்தான் பழகவில்லை.

நேற்று அவன் இடது கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணில் பழைய குறும்பு. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நடுவில் நிறுத்தி, விரலை உயர்த்தி, மறுபடி உதட்டை அசைத்தான். அப்புறம் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான்.

நான் சிரித்தேன்.

பொய்ச் சிரிப்பு எதுவென்று அவனுக்குத் தெரியாதா? மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அது என்ன ஜோக் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.