என் பேரை மிதிக்க ஆளில்லை

போன மாதம் வாலாஜாபேட்டையிலிருந்து போன். எங்கள் செருப்பை வாங்கி விற்கும் கடைக்கார பாய்.

"எஸ்தரம்மா, சரக்கு ஜோரா இருக்குது. ஆனா ஒருத்தரும் கால் வெக்க மாட்டேன்றாங்க. வாபஸ் எடுத்துக்கோங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிறிஸ்துமஸுக்கென்று ஆம்பூரில் தோல் பார்த்துப் பார்த்து வாங்கித் தைத்த சரக்கு. அது திரும்பி வந்தால் என் பட்டறைப் பெண்களுக்குப் பண்டிகை ஏது?

அப்படி என்னதான் குறை? லோகோ!

இத்தனை வருஷம் எங்கள் பட்டறைச் செருப்புக்கும் பர்ஸுக்கும் பேரே கிடையாது. இந்த வருஷம்தான் வைத்தோம். என் பேர்... அதுவும் என் கையெழுத்தாகவே. நான் படிக்காதவள். இந்தப் பத்தியைக்கூட நான் சொல்ல, மருமகள்தான் எழுதுகிறாள். ஆனால் கையெழுத்து? அது என்னுடையது. எஸ்தர் என்று எழுதி, கீழே வளைத்து ஒரு கோடு இழுப்பேன் பாருங்கள் – பாங்க் மேனேஜரே நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

லோகோ செய்த பாபு, முன்பு வேலூரில் கடை போர்டு எழுதியவர். இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். "பெட்டிக்கு ஒண்ணு, பர்ஸுக்கு ஒண்ணு, செருப்புக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் பண்ணலாம்மா. பாத்தா ஒரே வூட்டுப் பிள்ளைங்கன்னு தெரியும்" என்றார்.

நான் விட்டேனா? "என் பேரு ஒண்ணுதான். எல்லாத்துலயும் முழுசா அதான் இருக்கணும்."

பித்தளை அச்சு வந்தது. அதைச் சூடாக்கி, பாதம் படும் உள்தோலில் குத்த உட்கார்ந்த பட்டறைப் பெண் கஸ்தூரி கையை எடுத்துவிட்டாள்.

"இன்னாம்மா இது, உன் பேரு மேலயே கால் வெக்கறதா?"

"நான் இன்னா சாமியா? குத்துடி."

குத்தினாள். அதற்குத்தான் இந்த போன்!

கடையில் பெண்கள் ஆசையாகச் செருப்பை எடுக்கிறார்களாம், காலைக் கொண்டுபோகிறார்களாம், எழுத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொள்கிறார்களாம்.

"மத்த செருப்புல பேரு இல்லையா பாய்?"

"அது கம்பெனி பேரும்மா. இது ஆளு பேரு, கையெழுத்து வேற. பைபிள்ல வர்ற பேராச்சேன்னு ஒரு டீச்சரம்மா வெச்சுட்டுப் போய்ட்டாங்க. இன்னொரு பொண்ணு, 'எங்க மாமியா பேரு எஸ்தர். இத போட்டுக்கினு வூட்டுக்குப் போனா சோறு கெடைக்காது'ன்றா!"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஒரு வாரம் டைம் கேட்டேன்.

பாபுவைக் கூப்பிட்டேன். 'அன்னைக்கே சொன்னேனே' என்று மனிதர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டைதான். ஒரு காகிதத்தை நீட்டினார். பெட்டிக்கும் பைக்கும் முழுக் கையெழுத்து. பர்ஸ் பட்டனுக்கு 'எ' மட்டும். செருப்புக்கு – கீழே இழுக்கும் அந்தக் கோடு மட்டும்.

"என் பேரு எங்க பாபு?"

"இந்தக் கோடு வேற யாருதும்மா?"

யோசித்துப் பார்த்தேன். சர்ச்சில் நான் எஸ்தரம்மா. பட்டறையில் முதலாளியம்மா. பேரப்பிள்ளைகளுக்கு ஆயா. இடத்துக்கு ஒரு மாதிரி கூப்பிடுகிறார்கள்... அதற்காக நான் மூன்று ஆளாகிவிட்டேனா? மனுஷிக்கு ஆகும் என்றால் செருப்புக்கு ஆகாதா?

சரக்கைத் திருப்பி வாங்கி, எழுத்து மறைய மேலே புதுத் தோல் ஒட்டிக் கோட்டைக் குத்தினோம். "இப்போ தாராளமா மிதிக்கலாம்மா உன்ன" என்றாள் கஸ்தூரி. பட்டறையே சிரித்தது. சொன்ன வாரத்துக்குள் சரக்கு வாலாஜாபேட்டை போய்ச் சேர்ந்தது.

நேற்று மறுபடி பாய் போன். "அந்தக் கோடு போட்ட செருப்பு தீர்ந்து போச்சும்மா. இன்னும் அனுப்புங்க."

"எஸ்தர் செருப்புன்னு சொல்லுங்க பாய்" என்று திருத்தினேன்.

மிதிக்கத்தான் கூடாது... வாயாரச் சொல்லலாமே!