மூன்று படைக்கும் ஒரே சிப்பாய்

நான் மூன்று படைகளில் சிப்பாயாக இருந்திருக்கிறேன். மூன்றும் ஒரே நாளில். காலையில் ஒல்லாந்துக்காரன் படை, மதியம் நவாப் படை, சாயங்காலம் கும்பினிப் படை. ஒருவனையும் கொல்லவில்லை. மூன்றாவதில் செத்தேன்.

சென்னையிலிருந்து படம் எடுக்க வந்திருந்தார்கள். சினிமா இல்லை. பழைய காலத்துத் துப்பாக்கிச் சிப்பாய்களைப் பற்றி, எந்த நாட்டுப் படை எப்படிச் சுட்டது என்று விளக்குகிற படம். பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரன் கோட்டை கட்டி வெடிமருந்து செய்தானாம். அதனால் இங்கே வந்தார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது வேலிகாத்தான் புதர்தான் இருக்கிறது. அது போதும் என்றார்கள். சிப்பாய்தான் இல்லை. எங்கள் குப்பத்து ஆட்களைக் கேட்டார்கள்.

"உங்க முகத்துல ஒரு சரித்திரம் இருக்குண்ணா" என்றார் டைரக்டர். சின்னப் பையன்தான், தாடி வைத்திருந்தார். பிறகு அந்த முகத்தின் மேல் ரோஸ் கலர் பூசச் சொன்னார். ஒல்லாந்துக்காரன் வெள்ளையாம்.

என் பெண்டாட்டி கூடையோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்று பார்த்தாள்.

"இன்னா இது, கருவாட்டுக்கு மைதா பூசின மாதிரி கீற?"

"வெள்ளக்காரன்."

"வெள்ளக்காரனுக்கு இன்னிக்கு பாடு கீது. நெனப்பு இருக்கட்டும்."

இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல இடம் கொஞ்சம், ஆள் அதிகம். அதனால் முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டு வரிசை எடுப்போம். இன்று ஒருவன், நாளை அடுத்தவன். முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற இடம் எப்போதோ ஒரு நாள்தான் கைக்கு வரும். அது அமாவாசையை ஒட்டி வந்தால் இறால் ஓடும். எனக்கு அப்படி வந்தது அந்த ஒரு தரம்தான். பாடு உள்ளவன் சூரியன் இறங்குவதற்குள் தன் கையால் முதல் கழியை ஊன்ற வேண்டும். மகனை அனுப்பினேன், மச்சானை அனுப்பினேன் என்பதெல்லாம் ஊரில் செல்லாது. சூரியன் இறங்கிவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

இதை டைரக்டரிடம் சொன்னேன். "மத்தியானத்துக்குள்ள விட்டுருவோம்ணா" என்றார். படம் எடுக்கிறவர்களுக்கு மதியம் எப்போது வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மச்சானும் சிப்பாயாக வந்தான். சேர்க்கவில்லை. எங்களுக்கு டிரில் சொல்லித்தர பொன்னேரிப் பக்கத்து ரிட்டயர்டு ஏட்டையா ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் மச்சான் வாயைப் பார்த்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். கும்பினிச் சிப்பாய் மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் குழாயில் கொட்ட வேண்டுமாம். முன்பல் இல்லாதவனை எந்தத் துரையும் சேர்க்க மாட்டானாம். மூளை இருக்கிறதா என்று துரை கேட்டதாக ஏட்டையா சொல்லவில்லை.

"பல்லு போனதால உசுரு பொழச்சவன் நான் ஒருத்தன்தான்" என்றான் மச்சான். "நீ போய் சாவு மாமா. நான் படக ரெடி பண்றேன்."

வரிசை கட்டச் சொன்னார் ஏட்டையா. உயரப்படி என்றார். நாங்கள் பாடு வரிசைப்படி நின்றோம். எங்களுக்கு வேறு வரிசை தெரியாது. எனக்குப் பின்னால் நின்றவன் எனக்கு அடுத்த பாடு. நல்லவன். எனக்குக் காய்ச்சல் என்றால் ஊரில் முதலில் வந்து விசாரிப்பவன் அவன்தான். எப்போது எழுந்திருப்பேன் என்று கேட்பான்.

கையில் கொடுத்த துப்பாக்கி என் தோள் உயரம். முக்கால்வாசி மரம், கொஞ்சம் குழாய். சிலதில் மட்டும் புகை வரும். ஒல்லாந்துக்காரன் காலத்தில் திரி வைத்துச் சுட்டார்களாம். கயிற்றுத் திரி, நுனியில் நெருப்பு. அதைக் கையில் பிடித்துக்கொண்டே இடுப்பில் கட்டிய குடுவையிலிருந்து மருந்தைக் கொட்ட வேண்டும். இடுப்பில் மருந்து, கையில் நெருப்பு. எவன் யோசித்தானோ. மழை வந்தால் திரி அணைந்துவிடும். அன்றைக்குச் சண்டை இல்லை. பெரிய பெரிய ராஜாக்கள் எல்லாம் தூறலுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் தூறலில் கடலுக்குப் போகிறவர்கள்.

ஒரு தரம் சுட்டுவிட்டு மறுபடி மருந்து போட்டு, குண்டு போட்டு, கோலால் இடித்து, திரி ஊதி நிமிர்வதற்குள் குதிரைக்காரன் வந்து நாஸ்தா பண்ணிவிட்டுப் போய்விடுவான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்களாம். முன்வரிசை சுட வேண்டும். சுட்டவன் கடைசிக்குப் போய் மருந்து போட வேண்டும். அடுத்தவன் முன்னால் வந்து சுட வேண்டும். ஒல்லாந்துப் பிரபு ஒருவன் யோசித்தது என்றார் டைரக்டர். துருக்கிக்காரனும் ஜப்பான்காரனும் அதைத் தாங்கள்தான் முதலில் செய்தோம் என்கிறார்களாம். செத்தவன் எந்த ஊர்க்காரன் என்று அவர்களில் யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

"புரியுதாண்ணா? ஒருத்தர் முடிச்சா அடுத்தவர்."

"பாடு" என்றோம் எல்லோரும்.

டைரக்டருக்குச் சந்தோஷம். அது கொஞ்ச நேரம்தான்.

முதல் ஆள் சுட்டான். புகை வந்தது. பின்னால் போனான். இரண்டாவது ஆள் விசையை இழுத்தான். புகை வரவில்லை. "போ, போ, பின்னாடி போ" என்றார் ஏட்டையா. அவன் நகரவில்லை.

"நான் இன்னும் சுடலையே ஏட்டையா."

"இழுத்தாச்சில்ல?"

"இழுத்தா ஆச்சா? பொக வர்ல. எம் பாடு எங்கிட்டதான் கீது."

அவனுக்குப் பின்னால் இருந்தவன் விடவில்லை. "இன்னாபா நாயம் இது? காத்து அடிச்சி வல போடாம போனா பாடு போச்சுன்னு தானே ஊர்ல சொல்றோம்? நவுரு."

"அது காத்து. இது மிசினு. போன வருசம் தோ நிக்கிறானே அவன் எஞ்சினு நின்னப்ப மறுநாள் குடுத்தீங்களா இல்லியா?"

"அது அவன் மாமன் பெரியவரா இருந்தாரு, குடுத்தீங்கோ" என்று மூன்றாவது ஒருவன் நுழைந்தான்.

அவ்வளவுதான். ரோஸ் முகம், சிவப்புக் கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ், தலையில் இறகு. அப்படியே வட்டம் கட்டி நின்று பஞ்சாயத்துப் பேசினார்கள். போன வருடத்து எஞ்சின், அதற்கு முந்தின வருடத்துப் புயல் எல்லாம் வந்தது. ஏட்டையா விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்து உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் மைக்கில் கத்தினார்.

"எதிரி கிட்ட வந்துட்டான்! சுடுங்க!"

"எதிரி நாங்கதான் சார்" என்றான் ஒருவன். "மத்தியானம்தான் வருவோம்."

உண்மைதான். மதியம் கோட்டைக் கழற்றிவிட்டு முண்டாசு கட்டினார்கள். ரோஸைத் துடைத்தார்கள். நாங்கள் நவாப் படை. காலையில் நின்று சுட்ட இடத்தைப் பார்த்து மதியம் நாங்களே சுட்டோம். இரண்டையும் ஒட்டி எதிரெதிரே காட்டுவார்களாம். கணக்குப்படி என்னைச் சுட்டது நான்தான். டைரக்டரிடம் கேட்டேன். நிஜத்திலும் அப்படித்தான் என்றார். ஒரே ஊர்க்காரன் இந்தப் படையில் கொஞ்ச நாள், அந்தப் படையில் கொஞ்ச நாள். எவன் சோறு போட்டானோ அவன் கோட்டு. கொடிதான் வேறு வேறு. முதுகு ஒன்றுதான்.

பிரியாணிப் பொட்டலம் வந்தபோதே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காலையில் பேசிய பஞ்சாயத்து மதியத்தைத் தின்றுவிட்டது. இன்னும் கும்பினிப் படை பாக்கி.

எனக்குப் பின்னால் நின்றவன் சோற்றைப் பிசைந்துகொண்டே வானத்தைப் பார்த்தான்.

"இன்னா மாமா, லேட்டாவும் போலக்கீதே?"

"ஆவட்டும்."

"எந் தம்பி அங்க கழியோட குந்திகினு கீறான். சும்மாதான். காத்து வாங்க."

அவனும் இங்கே சிப்பாய்தான். ஆனால் அவன் பாடு சூரியன் இறங்கிய பிறகுதான் தொடங்கும்; கழியோடு காத்திருக்கத் தம்பி போதும், ஊன்ற இவன் பிறகு போனால் சரி. அதுவரை அவனுக்கு அவசரம் இல்லை. நான் இங்கே நின்றாலே அவனுக்குப் போதும்.

டைரக்டரிடம் போனேன். "சார், கும்பினில என்ன மொதல்ல சாவடிச்சிடுங்கோ."

அவர் கண் கலங்கிவிட்டது. நடிப்பில் எனக்கு அவ்வளவு ஆர்வம் என்று நினைத்துக்கொண்டார். "முன்வரிசை, நடுவுல, உங்களுக்குத்தான் முதல் குண்டு" என்றார். செத்தவன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் நினைத்திருந்தேன். நிஜத்தில் அதுதானே நடக்கும், ஏதோ ஒரு விதத்தில்.

மறுபடி சிவப்புக் கோட்டு. காலையில் போட்ட அதே கோட்டு, பொத்தானை மட்டும் மாற்றியிருந்தார்கள். குழாய் நுனியில் கத்தி. இப்போது திரி இல்லை, கல் உரசி நெருப்பு வரும் துப்பாக்கி. நூறு வருஷத்தில் திரியை எடுத்துவிட்டுக் கல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு முன்னேற்றம். சுட்டால் புகை முகத்தை மூடுகிறது. எதிரில் எவன் இருக்கிறான் என்று ஒருவனுக்கும் தெரியாது. தெரியாததால்தான் அத்தனை பேர் சுட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

டைரக்டர் கை காட்டினார். செத்தேன். நெஞ்சில் கட்டிவிட்ட சாய ரத்தப் பை உடைய, நன்றாகவே விழுந்தேன்.

எழுந்திருக்கப் பார்த்தேன். பூட்ஸ் கால் ஒன்று என் கோட்டு வாலை மிதித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவன்.

"பொணம் எந்திரிக்கக் கூடாது மாமா. படம் கெட்டுப்பூடும்."

"எவன் சொன்னான்?"

"டைரக்டர்தான். சண்ட முடியற வரைக்கும் பொணம் அப்பிடியே கெடக்கணுமாம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு துப்பாக்கியில் மருந்து இடித்தான். "நிம்மதியா கெட."

கிடந்தேன். முகம் ஏரிப் பக்கம் இருந்தது. சூரியன் வேலிகாத்தானுக்கு மேலே கையளவு நின்றது. மச்சான் படகில் நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினான். என் மேல் ஒருவன் செத்து விழுந்தான். நல்ல கனம். பிரியாணி வாசனை. சூரியன் கையளவில் பாதியானது. கும்பினிக்காரன் ஜெயிப்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மேலே கிடந்தவனை உருட்டிவிட்டேன். கோட்டு வாலை வெடுக்கென்று இழுத்தேன். மிதித்தவன் உட்கார்ந்தான். எழுந்து நடந்தேன்.

"சார்! பொணம் ஓடுது சார்!" என்று கத்தினான் அவன்.

அப்போதுதான் ஓட ஆரம்பித்தேன். பின்னால் விசில். துப்பாக்கியைச் சேற்றில் எறிந்தேன். பூட்ஸில் தண்ணீர் ஏறிக் காலுக்கொரு மூட்டை ஆனது. மச்சான் கையைப் பிடித்துப் படகில் இழுத்துப் போட்டான்.

"செத்துட்டியா மாமா?"

"ஆச்சு. தள்ளு."

கழி போட்டுத் தள்ளினான். முகத்துவாரத்துப் பக்கம் அடுத்த பாடுக்காரனின் தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். எங்களைப் பார்க்கவில்லை. சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புக் கோட்டும் ரத்தமுமாக நான் இறங்கியதும் அலறிவிட்டான். ரத்தம் ரோஸ்மில்க் கலரில் கரைந்து ஓடியது. நான் கழியை ஊன்றினேன். ஊன்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சூரியன் விளிம்பு இன்னும் இருந்தது.

"பாத்துக்கோ" என்றேன்.

"பாத்தேன் மாமா" என்றான் அவன். கழியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் வலை எடுத்தோம். இறால் கொட்டியது என்று எழுத ஆசைதான். சுமாராக இருந்தது. ஆனால் என் வலையில் இருந்தது.

படம் பிறகு போனில் வந்தது. பெண்டாட்டி போனைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்தாள். பத்துப் பேர் குந்திப் பார்த்தோம். எனக்குப் பின்னால் நின்றவனும் வந்திருந்தான். கடைசிச் சண்டையில் புகைக்கு அப்பால் ஒருவன் எழுந்து ஓடுகிறான். துப்பாக்கியை எறிகிறான். படகில் ஏறுகிறான். அதை வெட்டாமல் வைத்திருந்தார்கள். கம்பீரமான குரல் ஒன்று பேசியது. போரின் கொடுமை தாங்காமல் உயிருக்கு அஞ்சி ஓடியவர்கள் எல்லாப் படைகளிலும் இருந்தார்களாம்.

சிரித்தான் அடுத்த பாடுக்காரன். "இன்னா மாமா, ஒலகத்துக்கே சொல்லிட்டான், நீ பயந்து ஓடினேன்னு."

பெண்டாட்டிதான் பதில் சொன்னாள்.

"ஓடினவன் எறா கொண்டாந்தான். நின்னு ஜெயிச்சியே, நீ இன்னா கொண்டாந்த?"

அவன் போனைப் பார்த்தான். அதில் அவன் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து வெற்றி வெற்றி என்று கத்திக்கொண்டிருந்தான்.