சுண்டுவிரலில் மாட்டிய கல்யாணம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் தன் வருங்கால மனைவிக்கு வாங்கி வைத்திருந்த மோதிரத்தை, கல்யாணத்துக்கு முந்தின நாள் என் விரலில் மாட்டிக்கொண்டு, கழற்ற முடியாமல் நின்றவன் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் மாட்டிக்கொண்டேன், அதுவும் சோப்புப் போட்டு. இதில் கேவலம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. எங்கள் நிலையத்தில் விரலில் சிக்கிய மோதிரத்தைக் கழற்றுவதற்குப் பேர்போன ஆள் நான்தான்.

நான் ஒரு தீயணைப்பு வீரன். ‘வீரன்’ என்பது அரசாங்கம் கொடுத்த சொல். என் வீட்டில் இன்றுவரை யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாலோ பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன பொம்பா நிலையத்தில் அப்போது வேலை. பொம்பா என்றால் மலாய் மொழியில் தீயணைப்புப் படை. அதற்காக நெருப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். குளவிக்கூடு, குளியலறையில் பாம்பு, கூரைமேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்தும் பூனை என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மோதிரம் சிக்கிய விரலைத் தூக்கிக்கொண்டு நேராக நிலையத்துக்கே வந்து நிற்பவர்களும் உண்டு.

அப்படி வருகிறவர்களிடம் நான் உடனே வேலையை ஆரம்பிக்கமாட்டேன். முதலில் ஒரு சொற்பொழிவு. “ஏன்மா, அளவு பார்த்துப் போடக்கூடாதா? விரலும் சேர்ந்துதானே பெருக்கும்?” என்று ஆரம்பித்து, அவர்கள் முகம் சுருங்கும்வரை ஓட்டிவிட்டுத்தான் நூலை எடுப்பேன். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் விட வேண்டும். மறுமுனையை மோதிரத்தை ஒட்டி ஆரம்பித்து, விரல் மூட்டையும் தாண்டி இறுக்கமாகச் சுற்ற வேண்டும். பிறகு அடியில் விட்ட முனையைப் பிடித்து மெதுவாகப் பிரித்துக்கொண்டே வந்தால், மோதிரம் நல்ல பிள்ளையாக வெளியே நடந்து வரும். வராவிட்டால் வெட்டுகிற கருவி இருக்கிறது. அதையும் நான்தான் பிடிப்பேன்.

பெருந்தொற்று வந்து, நடமாட்டக் கட்டுப்பாடும் வந்ததும் எங்கள் மணி அடிப்பதை நிறுத்திவிட்டது. ஆரம்பத்தில் கிருமிநாசினி தெளிக்க ஓடினோம். பிறகு அதுவும் குறைந்தது. சாலையில் வண்டி இல்லை, அதனால் விபத்தும் இல்லை. எல்லாரும் வீட்டிலேயே இருந்தார்கள், அதனால் அடுப்பில் எதையாவது மறந்து வைத்துவிட்டு வெளியே போக ஆளில்லை. நிலையத்து வாசலில் குரங்குகள் நடுரோட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யார் யாரைக் காவல் காக்கிறார்கள் என்று சொல்ல முடியாத நிலைமை.

ஆனால் ஜனங்களுக்கு எங்கள் மேல் பாசம் பொங்கியது. முன்களப் பணியாளர்கள் என்று பட்டம் வேறு கொடுத்துவிட்டார்களே! காலையில் ஒரு வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து பிரியாணி, சாயங்காலம் வாழைப்பழத்தைப் பொரித்த கோரேங் பீசாங். அணைக்க நெருப்பில்லை. சாப்பிடச் சாப்பாடு இருந்தது. மற்றவர்கள் நாசூக்காக ஒரு பொட்டலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கொடுத்தவர்கள் மனம் புண்படக்கூடாதே என்று மிச்சத்தை எல்லாம் நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போனபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எங்கள் நிலையத் தலைவர் ஒரு மலாய்க்காரர். ஐயா என்கிற அர்த்தத்தில் தூவான் என்று கூப்பிடுவோம். சும்மா இருந்தால் ஆள் துருப்பிடித்துவிடுவான் என்பது அவர் கொள்கை. அதனால் தினமும் பயிற்சி. ஏணி ஏறினோம், கயிறு முடிந்தோம், புகையறைக்குள்ளிருந்து பொம்மை மனிதனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காப்பாற்றிக் காப்பாற்றி அந்தப் பொம்மைக்கே அலுத்துவிட்டது. கடைசியில் ஒருநாள், இன்றைக்கு மோதிரம் கழற்றும் பயிற்சி, நீயே எல்லாருக்கும் செய்து காட்டு என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு குறைதான். மோதிரம் இல்லை. பணியில் இருக்கும்போது எங்களில் யாரும் மோதிரம் போடக்கூடாது. நிலையத்தில் இருந்த ஒரே மோதிரம், என் கூட வேலை செய்த தம்பி ஒருவனுடைய அலமாரியில், சிவப்புப் பெட்டிக்குள் இருந்தது.

அந்தத் தம்பியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஷிப்டில் என்னைத் தவிர தமிழ் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு நிச்சயித்திருந்த பெண் போலீஸ்காரி. பாலோ சாலையில் போட்டிருந்த சாலைத் தடுப்பில் அவளுக்குப் பணி. கோயில் கல்யாணத்துக்குக் குறித்த தேதி கட்டுப்பாட்டால் ஒருமுறை தள்ளிப்போனது. இன்னொரு தேதி குறித்தார்கள், அதுவும் போனது. பெண்ணின் அம்மாவுக்குச் சகுனத்தில் நம்பிக்கை அதிகம். “ரெண்டு தடவ தடங்கல் ஆயிருச்சு. இன்னொரு தடவ ஏதாச்சும் கோளாறுன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்” என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். கோயில் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பதிவுத் திருமணத்தை முடித்து மோதிரம் மாற்றிவிடுவோம் என்று தம்பி அலையாய் அலைந்து ஒரு தேதி வாங்கியிருந்தான். மறுநாள் காலை. தெப்ராவிலிருந்த அவன் அப்பா அம்மாவால் மாவட்டம் தாண்டி வர முடியாது. அவன் பக்கத்துச் சாட்சி நான்.

அப்பேர்ப்பட்ட மோதிரத்தைத்தான் போய்க் கேட்டேன்.

“வேணாம்ண்ணே. அது அவ விரலுக்கு எடுத்தது. சின்னது” என்றான்.

“என் சுண்டுவிரல் பொம்பளப் புள்ள விரல் மாதிரிடா. ரெண்டு நிமிஷம் குடு.”

நான் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. நாசி லெமாக்குக்கு முந்தைய காலம்.

தம்பி அரை மனதோடு கொடுத்த மோதிரம் மூட்டில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. சிக்கினால்தானே கழற்றிக் காட்ட முடியும் என்று சோப்புப் போட்டு அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. “பாத்தீங்களா, இப்ப மாட்டிக்கிச்சு” என்று விரலைத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நூலை எடுத்துச் சுற்றினேன், பிரித்தேன். மோதிரம் மூட்டுவரை வந்தது. அங்கே நூல் அறுந்தது. பொத்தான் தைக்கிற பழைய நூல், என் பொத்தான்களுக்கு உழைத்தே களைத்துப்போன நூல். மறுபடியும் சுற்றினேன். மறுபடியும் அறுந்தது. அதற்குள் விரல் சிவந்து, வீங்கி, மோதிரத்துக்கு மேலும் கீழும் பிதுங்கிக்கொண்டு நின்றது.

சமையல் எண்ணெய் தடவிப் பார்த்தோம். ஒருவன் என் தோளைப் பிடித்துக்கொள்ள இன்னொருவன் மோதிரத்தைப் பிடித்து இழுத்தான். மோதிரம் கழன்று வரவில்லை, நான்தான் முழுசாக அவன் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

தூவான் எட்டிப் பார்த்தார். “அலமாக்! பொத்தோங் சாஜாலா” என்றார். பேசாமல் வெட்டிவிடு என்று அர்த்தம்.

வெட்டுகிற கருவி இருந்த மேசைக்கும் எனக்கும் நடுவில் தம்பி வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

“வெட்டாதீங்கண்ணே. ஒங்க கால்ல வேணாலும் விழுறேன்.”

“வெட்டினாலும் பத்த வச்சிக்கலாம்டா.”

“எங்க பத்த வைக்கிறது? குளுவாங்ல ஒரு நகைக்கட தொறந்திருக்கா? நீங்களா பத்த வைப்பீங்க? ஒங்களுக்கு அணைக்க மட்டுந்தானே தெரியும்! நாளைக்கு வெட்டுன மோதிரத்த அவங்க அம்மா பாத்தாங்கன்னா எல்லாம் முடிஞ்சிச்சுண்ணே.”

அவன் குரல் கடைசியில் உடைந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். எனக்கும் ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு ஆபத்தான அறிகுறி என்று தெரியும்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

நாட்கணக்காகத் தூங்கிய மணி. சாலைத் தடுப்பில் போலீஸ்காரர்களின் கூடாரத்துக்குள் மலைப்பாம்பு புகுந்துவிட்டதாம். எந்தச் சாலைத் தடுப்பு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் தம்பி என்னைப் பார்த்தான். பாலோ சாலையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

வண்டியில் ஏறினோம். கையை உயர்த்திப் பிடித்தால் வீக்கம் வடியும் என்பது நானே மற்றவர்களுக்குச் சொல்லும் வைத்தியம். அதனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இடது கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். காலியான சாலையில் சைரன் போட்டுக்கொண்டு போனோம். ஒரு வீட்டு வாசலில் நின்ற சீனப் பாட்டி, நான் கையசைப்பதாக நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார். மரியாதைக்கு நானும் இரண்டு தடவை ஆட்டினேன். தம்பி சிரிக்கவில்லை.

கூடாரத்துக்கு வெளியே, ஆளுக்கொரு நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, போலீஸ்காரர்கள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரு வண்டியும் வரவில்லையாம். வந்த முதல் விருந்தாளி பாம்பு. நடமாட அதனிடம் அனுமதிக் கடிதம் இல்லை என்று நான் சொன்னேன். பழக்க தோஷம்.

பாம்பு மேசைக்கு அடியில், பானம் வைக்கிற ஐஸ் பெட்டியின் குளிர்ச்சியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தது. அது பெரிய பாம்பு இல்லை. வழக்கமாக நான் தலையைப் பிடிப்பேன், தம்பி வாலைப் பிடிப்பான். அன்றைக்குக் கையுறை என் இடது கையில் ஏறவே இல்லை. தம்பி எங்கோ பார்த்துக்கொண்டே, கோபத்தோடு, ஒற்றை ஆளாகக் குனிந்து பாம்பைப் பிடித்துச் சாக்கில் போட்டான். இப்படிப்பட்ட மனநிலையில் இருக்கிறவனிடம் ஏன் மாட்டினோம் என்று பாம்பே நினைத்திருக்கும்.

“அண்ணே, ஏன் கையப் பின்னால மறைக்கிறீங்க?”

அந்தப் பெண்தான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

“ஒன்னும் இல்லம்மா. சின்ன அடி.”

“காட்டுங்க.”

காட்டினேன். அவள் விரலைப் பார்த்தாள், மோதிரத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவன் சாக்கைக் கட்டுவதில் உலகத்திலேயே இல்லாத கவனம் செலுத்தினான்.

“இது என்னோட மோதிரம்லா.”

“ஆமாம்மா.”

“ஒங்க விரல்ல என்ன பண்ணுது?”

“பயிற்சிம்மா.”

அவள் பெருமூச்சு விட்டதில் முகக்கவசம் பலூன் மாதிரி எழும்பி அடங்கியது.

“வெட்டிட்டா அம்மா அவ்ளோதான். தெரியுந்தானே?”

“தெரியும். அதான் வெட்டல.”

“ஊருக்கெல்லாம் நீங்கதானே கழட்டி விடுறீங்க? என்ன பண்ணணும்னு சொல்லுங்க. நான் பண்றேன்.”

“மொதல்ல ஐஸ் வேணும். அப்பறம் அறுந்துபோவாத நூல்.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஐஸ் பெட்டிக்குள், டின் பானங்களுக்கு நடுவே முக்கினாள். விரல் மரத்துப்போகும்வரை விடவில்லை. நான் போட்ட சத்தத்தில் சாக்குக்குள் பாம்பு புரண்டது. நூல் எங்கேயும் இல்லை. சுற்றிலும் பார்த்தேன். மேசைமேல், வருகிறவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த முகக்கவசப் பெட்டி இருந்தது. யாரும் வராததால் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

“அந்தக் காது நாடாவ அறுத்து எடும்மா. இழுத்தா நீளும், அறுபடாது.”

இரண்டு நாடாக்களை முடிந்து ஒன்றாக்கினாள். நான் சொல்லச் சொல்ல ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மிச்சத்தைச் சுற்றி இறுக்கினாள். எந்த இரக்கமும் இல்லாத சுற்று. விரல் வெள்ளைப் புழு மாதிரி ஆனது. பிறகு மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தாள். தம்பி சாக்கைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். மற்ற போலீஸ்காரர்கள் இடைவெளியை மறந்து எழுந்து வந்தார்கள். மோதிரம் மூட்டின்மேல் ஏறியது. நின்றது. நாடா இன்னொரு சுற்றுப் பிரிந்தது. மோதிரம் சட்டென்று நழுவி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

வெட்டில்லை, கீறல்கூட இல்லை. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிருமிநாசினிப் புட்டியை எடுத்து அதன்மேல் பீச்சினாள். துடைத்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் பீச்சினாள்.

“அம்மாகிட்ட யாரும் வாயத் தொறக்கக்கூடாது” என்றாள். மோதிரத்தைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டாள். நாளைக்கு மோதிரம் மாற்றும்போதுதான் அவனுக்குக் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். அவன் வாய் திறக்கவில்லை. கல்யாண வாழ்க்கைக்கு அவன் தயாராகிவிட்டான்.

நாங்கள் பாம்பைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினோம். என்ன இருந்தாலும் நான் மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி. வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

“தங்கச்சி, நாளைக்குச் சாட்சிக்கு நான் வரணுந்தானே?”

“வாங்க, கைய பாக்கெட்ல வச்சிக்கிட்டு வாங்க.”