ஐந்தாவது ஆள்

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் இளவயதுப் பெண்களுக்குத் தலைமைப் பண்பு வகுப்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பெட்டி ஒட்டும் கொட்டகையில். நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். விருதுநகரிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். புத்தகத்தில் உள்ளது வேண்டாம், அவரவருக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்றார்.

ஒருத்தி, குடித்துவிட்டு வந்த வேன் டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிய கதையைச் சொன்னாள்.

"பெறகு வேனை யாரு ஓட்டுனா?" என்று டீச்சர் கேட்டார்.

"யாரு ஓட்டுவா? ஆனைக்குட்டம் வரைக்கும் நடந்தோம். இவளுக இன்னும் என்னைய வையிதாளுக."

எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து எழுந்தவள் என் தோழியின் மகள். தோழியும் நானும் ஒரே அறையில் வெடிக்கு மருந்து செலுத்தினோம். ஆறு வருடத்துக்கு முன் அந்த அறை வெடித்ததில் அவள் செத்துப்போனாள். மகள் இப்போது வேறோர் அறைக்குப் பொறுப்பு.

"எனக்குன்னு கதை இல்ல டீச்சர். பெரியம்மா கதைதான். எரியுற ரூமுக்குள்ள போயி எங்கம்மாவ இழுத்துட்டு வந்தாக. அந்தக் கையப் பாத்துத்தான் வளந்தேன்."

பெரியம்மா என்றது என்னை. கை தட்டினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள்.

இழுத்தது நிஜம். கை வெந்ததும் நிஜம். அதற்கு முன் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

ஓர் அறைக்கு நான்கு பேர்தான் என்பது சட்டம். தீபாவளி சீசனில் ஐந்து பேர் உட்காருவோம். சோதனைக்கு ஆபீசர் ஜீப் வந்தால் ஐந்தாவது ஆள் பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் போய்விட வேண்டும். ஜீப் போனதும் அறையில் மூத்தவள் குரல் கொடுப்பாள். மூத்தவள் நான். ஐந்தாவது ஆள் என் தோழி.

அன்று குரல் கொடுத்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"உள்ள வெக்கை தாங்கலக்கா. செத்த நேரம் இங்கன இருந்துக்கிறேன்."

"மகாராணிக்குக் காத்து கேக்குதோ? லோடு போகணும்டி, வா."

சிரித்துக்கொண்டே வந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். குழாயடியில் நின்றபோது வெடித்தது. அவளை மட்டும்தான் இழுக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள்.

நான் முடித்ததும் மகள் கேட்டாள்.

"நீங்க கூப்பிடாட்டி எங்கம்மா வெளியதான இருந்திருக்கும்?"

"ஆமா."

டீச்சர் ஆறுதலாக ஏதோ சொன்னார். என் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் ஜீப் வந்துவிட்டுப் போனது. மகளின் அறையில் ஐந்தாவதாக உட்காரும் பெண் காட்டுக்குள் நின்றாள். மகள் குரல் கொடுக்கவில்லை. போர்மேன் வந்து கத்தினார்.

"ஏட்டி, ஜீப்பு போயி எம்புட்டு நேரமாச்சு? அவளக் கூப்பிடு."

"மாட்டேன். நாலு பேருதான்."

"ஒங்கம்மால்லாம் இப்பிடி எதுத்துப் பேசுனதில்ல."

"ஆமா. பேசல."

அவர் போய்விட்டார். அந்தப் பெண்ணைப் பெட்டி ஒட்ட அனுப்பினார்கள். கை வெந்ததிலிருந்து எனக்கும் அதே வேலைதான். நடந்ததை அந்தப் பெண்தான் எனக்குச் சொன்னாள்.

மகள் தினமும் கொட்டகையைத் தாண்டித்தான் போகிறாள். உள்ளே திரும்பிப் பார்ப்பதில்லை. பெரியம்மா என்று கூப்பிட்டு நாலு மாதம் ஆகிறது. பேசு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.