பெரட்டு எடுக்காத ராஜா

கனமான புத்தகங்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பொகவந்தலாவையின் மழையும் குளிரும் மனிதரை வாட்டுவது போதாதென்று, நாவலும் வந்து அழவைக்க வேண்டுமா? ராஜா காலத்துக் கதை, அரண்மனையில் ஒரு கொலை. இல்லாவிட்டால் ஒரு யட்சி, ஒரு திருட்டு. எனக்கு இவ்வளவு போதும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இந்த ருசி உள்ள ஒரே டீச்சரும் மாற்றலாகி ராகலைக்குப் போய்விட்டார். படித்ததைப் பேச ஆளில்லாமல் எனக்கு வாய் நமநமத்தது. வீட்டில் இருந்ததோ என் கணவர். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை; தொழிலாளர்களை வேலை வாங்குகிறவர். வாசிப்பு என்றால் அவருக்கு போனில் கிரிக்கெட் ஸ்கோர்.

மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்து, கால் சுளுக்கி அவர் கட்டிலில் கிடந்தபோது, சமயம் பார்த்து ஒரு ராஜா காலத்துக் கொலைக்கதையைக் கையில் திணித்தேன். அரண்மனைச் சமையல்கட்டில் தளபதி செத்துக் கிடக்கிறான். இரண்டாம் அத்தியாயத்திலேயே குரல் வந்தது.

"ஏம்மா, இந்த அரமனையில காலையில பெரட்டு எடுக்க மாட்டாங்களா?"

பெரட்டு என்பது விடிந்ததும் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் எடுப்பது. அது நடக்காத ஒரு ராஜ்ஜியத்தை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை.

"அது அரமனைங்க. தோட்டமில்ல."

"எதுவா இருந்தா என்ன? ஆள நிறுத்திப் பேர் கூப்பிட்டா, எவன் வரலயோ அவன்தான் கொலகாரன். சமையக்காரனக் காணோம்ல? அவன்தான். இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பக்கம்?"

கொலை செய்தது அரண்மனை வைத்தியர் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் அவர் எழுதியவரைத் திட்ட ஆரம்பித்தார். தினமும் அரண்மனைக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற வைத்தியன் எப்படிக் கொலை செய்வானாம்? அந்தக் கோபத்தில் அன்றைக்குச் சோற்றையும் அரைகுறையாகத்தான் சாப்பிட்டார். கிடைத்த ஒரே வாசகரையும் கோட்டைவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்தது.

மனம் கேளாமல், யட்சி துப்பறியும் கதை ஒன்றைக் கொடுத்தேன். யட்சியை யார் பேர் கூப்பிட முடியும்? மூச்சுக்காட்டாமல் படித்தார். முடித்தார். அதைப்பற்றி ஒரு பேச்சில்லை. "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால், "ம், பரவால்ல." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கால் சரியாகி அவர் வேலைக்குப் போன வாரம், மறந்துவிட்டுப் போன போனைக் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போனேன். பேர் எடுத்து முடிந்திருந்தது. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருவரும் மலைக்கு ஏறவில்லை. நடுவில் என் கணவர், கண்ணை உருட்டிக் கையை வீசி, பூட்டிய கோயிலுக்குள் யட்சி நுழைந்த கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பறம் என்னாச்சுங்க ஐயா?" என்றாள் ஒருத்தி.

"மிச்சம் நாளைக்கு. தொர ஜீப்பு வருது, ஓடுங்க!"

எனக்குப் பொறாமையில் உடம்பெல்லாம் எரிந்தது. அவரைத் தனியே இழுத்தேன்.

"ஊருக்கே சொல்றீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "நீதான் ஏற்கனவே படிச்சிட்டியே. தெரிஞ்சவகிட்ட போயி என்னத்தச் சொல்றது?"

சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய், புதிதாக வந்திருந்த ஒரு கொலைக்கதையை வாங்கினேன். திரும்பும்போது பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கை அரித்தது. பின்னட்டையைக்கூடப் படிக்காமல் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.

"மொதல்ல நீங்க படிங்க," என்றேன். "படிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க."